சிறுவன் கண்ட கலகம்

கண்டியிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் பெருந்தெரு மாத்தளைப் பள்ளத்தாக்கை ஊடறுத்து, நாலந்தையைக் கடந்து, தம்புள்ளைக் குகை விகாரையின் அடிவாரத்தை அடைகின்றது. கண்டி அரசரின் ஆட்களும், பிரித்தானியப் படையினரும், கோப்பி மூடை ஏற்றிய மாட்டு வண்டிகளும், தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்ற வழி அது. மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அத்தெருவில் நடந்த கலகங்களை எழுதாமல் இருக்க இயலாது. 1814, 1818, 1848 ஆகிய ஆண்டுகள் அம்மாவட்டத்து மக்களின் நினைவில் ஆழப் பதிந்தவை. 1983ஆம் ஆண்டும், 1980களின் இறுதி ஆண்டுகளும் அவற்றோடு பின்னர்ச் சேர்ந்தன.

இத்தகைய கலகங்களை நூல்கள் ஒருவாறு கூறுகின்றன. திரைப்படம் வேறொருவாறு கூறுகின்றது. நூலாசிரியன் அரசாணையையும், படைத்தலைவனின் கடிதத்தையும், நீதிமன்றத் தீர்ப்பையும் ஆதாரமாகக் கொள்கின்றான். திரைப்படக் கலைஞனுக்கோ ஒரு முகம் வேண்டும். அம்முகத்தில் இரு கண்கள் வேண்டும். அக்கண்கள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் கண்களாக அமைந்துவிடுகின்றன. அவ்வாறு அமைவதன் காரணம் யாது? அக்கண்களால் நாம் எதைக் காண்கின்றோம், எதைக் காணத் தவறுகின்றோம்? மாத்தளையின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் உலகத் திரைப்படத்தை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1948இல், இத்தாலிய இயக்குநர் ரொபேர்ட்டோ ரொசெலினி, இடிந்து கிடந்த பெர்லின் நகரில் அலையும் ஒரு சிறுவனைக் கொண்டு 'ஜெர்மனி, ஆண்டு பூச்சியம்' என்ற படத்தை உருவாக்கினார். 1952இல் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளெமோன் 'தடுக்கப்பட்ட விளையாட்டுகள்' என்ற படத்தைத் தந்தார். விமானத் தாக்குதலில் தாய் தந்தையரை இழந்த சிறுமி ஒருத்தி ஒரு குடியானவனின் வீட்டை வந்தடைகின்றாள். அவ்வீட்டுச் சிறுவனும் அவளும் சேர்ந்து, இறந்துபோன சிறு பிராணிகளுக்கு ஒரு மயானம் அமைக்கின்றனர்; அதற்காகச் சிலுவைகளைத் திருடுகின்றனர். 1962இல் சோவியத் நாட்டு அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, போர்முனையில் ஒற்றனாகப் பணிபுரியும் சிறுவன் இவானின் கதையைப் படமாக்கினார். 1988இல் ஜப்பானிய இயக்குநர் இசாவோ தக்காஹாத்தா, குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதைச் சித்திரப்படமாக ஆக்கினார்.

இப்படங்கள் யாவும் ஓர் உத்தியையே வெவ்வேறு வகையிற் கையாளுகின்றன. குழந்தையின் கண்மட்டம் தாழ்ந்தது. ஆதலின் படப்பிடிப்புக் கருவியும் தாழ்கின்றது. படைவீரனின் முகத்துக்கு முன்னே அவன் காலணி தெரிகின்றது. கொடியின் நிறம் தெரியுமுன் அதைத் தாங்கிய கம்பின் கூர்முனை தெரிகின்றது. குழந்தை காரணம் அறியாது. ஆகையால் ஒவ்வொரு கொடுமையும் காரணமற்றதாகவே அதன்முன் நிகழ்கின்றது. பெரியோர் போரைக் குறித்துப் பேசுவர். குழந்தையோ அதனை விளையாட்டாக ஆடிக் காட்டும். அவ்விளையாட்டே பெரியோரின் செயலுக்கு மிகக் கடுமையான விமரிசனமாகி விடுகின்றது. மயானம் அமைத்து விளையாடும் இரு குழந்தைகளைக் கண்டபின், போரின் பெருமையைப் பேச எவருக்கும் நா எழாது.

இனி மாத்தளைக்கு வருவோம். திரைப்படம் என்ற கலை தோன்றுவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு கலகத்தை ஒரு சிறுவனின் வாயிலாகக் காணும் வழக்கம் மாத்தளைப் பிரபு குடும்பம் ஒன்றின் கதையில் இடம்பெற்றுவிட்டது. அச்சிறுவனின் பெயர் மத்தும பண்டார. அவன் தந்தை எகலப்பொலை. கண்டி அரசின் மகா அதிகாரம் என்னும் முதன்மைப் பதவியை வகித்தவர், சப்பிரகமுவையின் திசாவையாகவும் இருந்தவர். தாய், மொனரவிலைக் கெப்பெட்டிபொலைத் திசாவையின் சகோதரி. இரு குலங்களும் மாத்தளை மண்ணோடு தொடர்புடையவை.

கண்டியை அப்பொழுது ஆண்டவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய அவர், தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபினர். 1798 முதல் 1815 வரை ஆட்சி செய்தவர். அரசருக்கும் பிரபுக்களுக்குமிடையே நம்பிக்கை தேய்ந்தது. பிரித்தானிய அலுவலராகிய ஜோன் டொயிலி கொழும்பிலிருந்து பிரபுக்களோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1814இல் எகலப்பொலை கலகம் செய்தார். கலகம் தோற்கவே பிரித்தானியரிடம் தஞ்சம் புகுந்தார். அவருடைய மனைவியும் மக்களும் கண்டியில் அரசரின் கைப்பிடியில் இருந்தனர். அக்குடும்பத்துக்கு அரசர் மரண தண்டனை விதித்தார்.

மக்கள் வழங்கும் கதையின்படி, நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் இடையேயுள்ள வெளியில் அக்குடும்பம் நிறுத்தப்பட்டது. மூத்த மகன் அஞ்சித் தாயின் பின்னே ஒளிந்தான். ஏறத்தாழ ஒன்பது வயதினனாகிய இளையவன் மத்தும பண்டார முன்வந்து, எவ்வாறு இறப்பது என்பதைத் தான் காட்டுவதாகத் தமையனுக்குத் தைரியம் கூறித் தன் கழுத்தை நீட்டினான். பிள்ளைகளின் தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் வற்புறுத்தப்பட்டாள் என்றும், பின்னர் அவள் போகம்பரை வாவியில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் கதை தொடர்கின்றது. இன்று இலங்கைப் பாடசாலை மாணவர் யாவரும் அறிந்த கதை இது. நாட்டின் வீரச் சிறுவனாக மத்தும பண்டார போற்றப்படுகின்றான்.

அக்குடும்பம் கொல்லப்பட்டது என்பதில் ஐயமில்லை. குழந்தைகளைக் கொன்ற செயலை எக்காரணம் கொண்டும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் வரலாற்று மாணவன் மற்றொரு வினாவையும் எழுப்பியாக வேண்டும். இக்கதையை இத்துணை விரிவாக எழுத்தில் வடித்தவர் யார்? 1821இல் வெளிவந்த ஜோன் டேவி என்பாரின் நூலிலேயே இக்காட்சி விரிவாகக் காணப்படுகின்றது. டேவி பிரித்தானியப் படையின் வைத்தியர். விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் சகோதரர். அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். அதாவது, கொலை நடந்து ஈராண்டு கழிந்த பின்னர், அரசர் சிறைப்பட்டு நாடு கைமாறிய பின்னர். தாம் கேட்டதையே அவர் எழுதினார், கண்டதை அன்று. உரலின் கதையைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இதனினும் முக்கியமான செய்தி, அச்சிறுவனின் மரணம் எதற்குப் பயன்பட்டது என்பதாகும். 1815 ஜனவரி 10ஆம் தேதி தேசாதிபதி பிரவுண்றிக் கண்டியின்மீது போர்ப் பிரகடனம் செய்தார். பிரித்தானிய எல்லையிலிருந்து சென்ற வணிகர் சிலர் அங்கவீனப்படுத்தப்பட்டமையும், அரசரின் கொடுமைகளும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. அடுத்த மாதம் அரசர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அரசரின் கொடுமைகளை அவ்வொப்பந்தம் முன்வைத்தது. அவருடைய முடியுரிமையைப் பறித்தது. அவ்வளவில் நில்லாது, அரசரின் உறவினராகிய ஆண்களைக் கண்டி நாட்டின் பகைவர் என அறிவித்தது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' சாதி ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வருதலாகாது என்றும் விதித்தது. 'மலபார்' என்பது அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் தென்னிந்தியரையும் குறிக்க வழங்கிய சொல்லாகும்.

ஒரு குழந்தையின்பால் எழுந்த இரக்கம், ஓர் அரசனின்பால் சினமாயிற்று. அச்சினம் ஓர் இனத்தின்மேல் விதிக்கப்பட்ட தடையாயிற்று. இம்மூன்று படிகளையும் ஒப்பந்தத்தின் சில வாசகங்களுக்குள்ளேயே காணலாம். குழந்தையின் கண் பொய் கூறவில்லை. அதன் கண்ணீரைத் தம் ஆவணத்தில் எழுதிக்கொண்டவர்களே அதற்குப் புதிய பொருள் கற்பித்தனர். பாலகனின் பார்வையைக் கையாளும் எந்தத் திரைப்படக் கலைஞனும் முதலில் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இது.

அவ்விரக்கம் எத்துணைக் காலம் நிலைத்தது என்பதையும் அறிதல் வேண்டும். மூன்று ஆண்டுகள் நிறைவுறுமுன் கண்டி மக்கள் புதிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கலகத்தை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலை, தமக்கு வழங்கப்பட்ட ஆயுதங்களைப் பிரித்தானியரிடமே திருப்பி அனுப்பிவிட்டு மக்களின் பக்கம் சேர்ந்தார். அவர் மத்தும பண்டாரவின் தாய்மாமன் அன்றோ? கலகத்தை ஒடுக்க ஊர்கள் எரிக்கப்பட்டன. தானியமும் மரங்களும் அழிக்கப்பட்டன. அந்நெருப்பில் எத்தனை சிறுவர் பசியால் மாண்டனர் என்பதை எவரும் கதையாக எழுதவில்லை. 1818 நவம்பர் 26ஆம் தேதி கெப்பெட்டிபொலை போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் மண்டையோடு எடின்பரோ நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இலேயே தாயகம் திரும்பியது. மகனையும் மனைவியையும் இழந்த எகலப்பொலையோ பிரித்தானியராலேயே கைது செய்யப்பட்டு, மொரிசியசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். அரசர் வேலூரிற் சிறையிருந்து 1832இல் மறைந்தார். சிறுவனின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட போர், சிறுவனின் தந்தையையும் மாமனையும் ஒருங்கே விழுங்கிவிட்டது.

இக்காலத்துத் திரைப்படம் இக்கதையை எவ்வாறு ஏற்றுக்கொண்டது? 2014இல் 'எகலப்பொல குமாரிஹாமி' என்ற சிங்களப் படம் வெளிவந்தது. தாயின் பெயரையே அது தலைப்பாகக் கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், தேவிந்த கோங்கககே இயக்கிய 'கிரிவெசிபுர' வெளிவந்தது. அப்படத்தின் நாயகர் அரசரே. புபுது சதுரங்க அரசராகவும், தமிழ் நடிகை நிரஞ்சனி சண்முகராஜா அரசியாகவும் நடித்தனர். ஒரே காலத்தை இரு வேறு படங்கள் இரு வேறு முகங்களைக் கொண்டு நோக்கின. கொடுங்கோலன் என நூற்றாண்டுகளாகப் பழிக்கப்பட்ட அரசரையும், சூழ்ச்சிகளின் நடுவே அகப்பட்ட ஒரு மனிதராகக் காட்டுதல் கூடும் என்ற எண்ணம் சிங்களத் திரையுலகிலேயே தோன்றியது குறிப்பிடத்தக்கது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காண்பவன், கண்ணை மாற்றினால் வரலாறும் மாறித் தோன்றும் என்ற உண்மையை உணர்வான். அதனோடு, எக்கண்ணால் நோக்கினும் குழந்தையின் மரணம் மாறாது என்பதையும் உணர்வான்.

அடுத்து 1848ஆம் ஆண்டைக் கருதுவோம். மாத்தளைக் கலகம் என்ற பெயர் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளுக்கே உரியது. கோப்பியின் விலை வீழ்ந்து அரசாங்கத்தின் வருமானம் குறைந்தபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபு மக்கள்மீது புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கும் ஆண்டுக்கு ஒரு சிலிங் வரி. இவற்றுக்கு மேலாக, ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் தெரு வேலை செய்யவேண்டும். அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால் தம் காடுகளையும் சேனை நிலங்களையும் இழந்திருந்த குடியானவர்க்கு இவ்வரிகள் பொறுக்கவியலாத சுமையாயின.

ஜூலை மாத இறுதியில் கொங்காலகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பட்டான். மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு அவனுடைய படைத் துணைவனானான். கலகக்காரர் மாத்தளை நகரினுட் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். வாரியபொலைக் கோப்பித் தோட்டத்தின் அருகே படையினர் அவர்களைச் சிதறடித்தனர். 29ஆம் தேதி இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் தேதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அம்மாதத்திலேயே பௌத்த துறவி ஒருவர் காவியுடையோடு சுடப்பட்டார். கொங்காலகொட பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். இக்கொடுமைகள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு உள்ளாகவே, 1850இல் டொரிங்டன் பதவியிழந்தார்.

இக்கலகத்தை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1970களின் இறுதியில் 'வீர புரன் அப்பு' என்ற படமாக ஆக்கினார். ரவீந்திர ரந்தெனிய நாயகனாக நடித்தார். பீரிஸ் குடும்பங்களின் மெல்லிய உணர்ச்சிகளைத் தீட்டுவதில் வல்லவர். ஆயினும் இப்படத்தில் அவர் வீரனின் கண்ணையே தேர்ந்தார். வீரன் காரணம் அறிந்தவன். எதற்காக இறக்கின்றோம் என்பது அவனுக்குத் தெரியும். ஆகையால் அவன் வாயிலாக வரியும் காணியும் ஆட்சியும் திரையில் இடம்பெற வழி பிறக்கின்றது. குழந்தையின் கண் தரமாட்டாத விளக்கத்தை வீரனின் கண் தரவல்லது. ஆனால் வீரனின் பின்னே தெருவோரத்தில் நிற்கும் சிறுவனை அக்கண் காண்பதில்லை. வரி கட்ட வழியின்றித் தன் நாயைக் கொன்றுவிடும் தந்தையை நோக்கி நிற்கும் ஒரு மாத்தளைச் சிறுவனைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு சிலிங் வரி என்பது அவனுக்கு எண் அன்று. தன் விளையாட்டுத் தோழனின் உயிர்.

அதே தெருவில், அதே ஆண்டுகளில், மற்றுமொரு சிறுவன் நடந்து வந்தான். அவன் தமிழ்ச் சிறுவன். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்த தொழிலாளரின் மகன். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் எண்ணற்றோர். 1815இல் 'மலபார்' ஆண்களுக்கு அடைக்கப்பட்ட வாயிலை, ஒரு தலைமுறைக்குள் அதே ஆட்சி கோப்பியின் பொருட்டு அகலத் திறந்துவிட்டது. அன்று பகைவன் எனப் பெயர் பெற்றவன், இன்று கூலி எனப் பெயர் பெற்றான். 1848இல் துப்பாக்கி ஒலி கேட்டபோது அச்சிறுவன் லயத்தின் வாயிலில் நின்று எதைக் கண்டிருப்பான்? கலகக்காரனுக்கும் அவனுக்கும் பகையில்லை. தோட்டத்துரைக்கும் அவனுக்கும் உறவில்லை. இருவரும் பேசிய மொழி அவனுக்கு விளங்கவுமில்லை. போரைக் காணும் பாலகனின் கண்ணுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறெங்குக் கிடைக்கும்? ஆயினும் அவன் கண்ணைத் தேர்ந்தெடுத்த படம் இன்னும் காத்திருக்கும் ஒரு படமாகவே உளது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிறுவனின் வழித்தோன்றல்களை மற்றொரு கலகம் வந்து சூழ்ந்தது. 1983 ஜூலையில் நாடெங்கும் தமிழர்க்கெதிராக வன்செயல் வெடித்தபோது மாத்தளை நகரும் தப்பவில்லை. தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் சேதமுற்றது. திரைப்படத்துறைக்கும் அம்மாதம் பேரிழப்பை விளைத்தது. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான, ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டுடியோ தீக்கிரையாகிப் பல படங்களின் மூலப்பிரதிகள் அழிந்தன. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழரின் துன்பத்தைத் தமிழரே படமாக்கக் கூடிய கருவிகளும் கைகளும் அந்நெருப்பிற் குறைந்துபோயின. இதனாலேயே பிற்கால இலங்கைப் படங்களில் தமிழ்க் குழந்தையைப் பெரும்பாலும் சிங்களக் கலைஞரின் கருவி வழியாகவே காண்கின்றோம்.

அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சோமரத்ன திசாநாயக்க. 2000ஆம் ஆண்டளவில் அவர் அளித்த 'சரோஜா', காட்டில் மறைந்திருக்கும் ஒரு தமிழ்ச் சிறுமியையும் காயமுற்ற அவள் தந்தையையும் சிங்களச் சிறுமி ஒருத்தி கண்டெடுப்பதைக் கூறுகின்றது. 2002இல் வந்த 'புஞ்சி சுரங்கனாவி' 1983ஆம் ஆண்டின் பின்னணியில், சிங்களச் சிறுவனுக்கும் தமிழ்ச் சிறுமிக்கும் இடையே மலரும் நட்பைச் சித்திரிக்கின்றது. பிரசன்ன விதானகே 2003இல் உருவாக்கிய 'இர மதியம' படத்தின் ஒரு பகுதியில், வடக்கிலிருந்து வெளியேற்றப்படும் முஸ்லிம் மக்களிடையே, தன் நாயை விட்டுப் பிரிய மனமின்றித் தவிக்கும் ஒரு சிறுவனைக் காண்கின்றோம். தமிழகத்தில் மணிரத்னம் 2002இல் அளித்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' தன்னைப் பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வரும் ஒன்பது வயது அமுதாவின் கதை. அப்பாத்திரத்தில் நடித்த பி. எஸ். கீர்த்தனா சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்றார்.

இப்படங்கள் நற்பணி ஆற்றின என்பதை மறுத்தல் நன்றி மறத்தலாகும். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எதிர்த்தரப்புச் சிறுமியின்மேல் சிங்கள மக்கள் கண்ணீர் சிந்துமாறு செய்தது சிறிய செயலன்று. இரு மொழிகளுக்கிடையே எழுந்து நின்ற சுவரைப் பெரியோரின் வாதங்கள் அசைக்கவில்லை. குழந்தைகளின் விளையாட்டு சற்றே அசைத்தது.

ஆயினும் இங்கு ஒரு குறையும் உண்டு. குழந்தையை நேசிப்பது எளிது. ஏனெனில் குழந்தை உரிமை கேட்பதில்லை. சரோஜாவைத் தழுவிக்கொள்ளும் பார்வையாளன், அவள் வளர்ந்து, தன் மொழியில் ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு அரசாங்கக் கந்தோரின் வாயிலில் நிற்கும்போதும் அவளைத் தழுவுவானா? பாலகனின் கண் வழியாக மட்டும் போரைக் காட்டும் படம், கள்ளமற்றவரே இரக்கத்துக்கு உரியவர் என்ற எண்ணத்தை அறியாமலே விதைத்துவிடக்கூடும். நீதி என்பதோ கள்ளமற்றவருக்கு மட்டும் உரியதன்று; மனிதர் யாவருக்கும் உரியது. 1815இல் இரக்கம் ஒப்பந்தமாகி, ஒப்பந்தம் தடையாகிய வழியை நினைவிற் கொண்டால் இவ்வெச்சரிக்கையின் தேவை விளங்கும்.

இக்குறையைக் கடந்து சென்ற படம் ஒன்று உண்டு. விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997இல் உருவாயிற்று. அதன் நாயகன் குழந்தையன்று. கண்பார்வையற்ற ஒரு முதியவர். ஜோ அபேவிக்கிரம அப்பாத்திரத்தில் நடித்தார். போர்முனையில் இறந்த மகனின் உடல் எனக் கூறி, முத்திரையிட்ட பெட்டியொன்று வீட்டுக்கு வருகின்றது. ஊரார் நம்புகின்றனர், முதியவர் நம்பவில்லை. இறுதியில் அவர் தாமே புதைகுழியைத் தோண்டுகின்றார். பெட்டியுள் மகனின் உடல் இல்லை. 2000இல் அரசாங்கம் இப்படத்தைத் திரையிடாது தடுத்தது. மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அம்முதியவரும் கள்ளமற்றவரே. ஆனால் அவருடைய கள்ளமின்மை அறியாமை அன்று. பிறர் சொல்வதை ஏற்றுக்கொள்ளாது தானே தொட்டுப் பார்க்கும் நேர்மை. பார்வையற்ற அவரே யாவரினும் தெளிவாகக் காண்கின்றார்.

இப்படத்தை மாத்தளை மக்கள் வேறொரு காரணத்தால் மறக்க இயலாது. 2012 நவம்பரில் மாத்தளை மருத்துவமனை வளவில் மண்ணை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவை 1980களின் இறுதியில், தென்னிலங்கைக் கிளர்ச்சியும் அதன் அடக்குமுறையும் நிகழ்ந்த காலத்துக்குரியவை எனத் தொல்லியல் ஆய்வு கூறிற்று. வெளிநாட்டில் நடந்த சோதனை அவை அதற்கு மிக முற்பட்டவை எனக் கூறிற்று. அக்காலத்தில் பிள்ளைகளை இழந்த மாத்தளைத் தாய்மார், தம் பிள்ளையின் எலும்பு இதனுள் இருக்குமோ என வந்து நின்றனர். முத்திரையிட்ட பெட்டியின் முன்னே நின்ற முதியவரின் நிலை அன்று ஒரு மாவட்டத்தின் நிலையாயிற்று.

மத்தும பண்டாரவின் தாயும் சிங்களவள். 1980களில் மகனை இழந்த தாயும் பெரும்பாலும் சிங்களவள். 1840களில் காட்டு வழியிற் குழந்தையைப் புதைத்தவளும், 1983இல் கடை எரியக் கண்டவளும் தமிழச்சியர். மாத்தளைத் தெரு இவர்கள் யாவரையும் கண்டது. ஒருத்தியின் கண்ணீரைக் காட்டி மற்றவளைத் தண்டித்த காலமும் உண்டு. அக்காலத்தை மீண்டும் வரவிடாது காப்பது வரலாற்றாசிரியனுக்கும் திரைப்படக் கலைஞனுக்கும் பொதுவான கடமையாகும்.

குழந்தையின் கண், நடந்தது யாது என்பதைக் காட்டும். அது ஏன் நடந்தது என்பதைக் காட்டாது. ஆவணம், ஏன் நடந்தது என்பதைக் கூறும். நடந்தபோது எவ்வாறு வலித்தது என்பதைக் கூறாது. முன்னதை மட்டும் நம்பினால் இரக்கம் வழிதவறும். பின்னதை மட்டும் நம்பினால் அறிவு ஈரமற்றுப் போகும். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் தெருவில் முன்பு இரு சிறுவர் நின்றனர். ஒருவன் வரிக்காக நாயை இழந்தவன், மற்றவன் கோப்பிக்காக ஊரை இழந்தவன். இருவரையும் ஒரே காட்சியுள் நிறுத்தி, இருவருக்கும் அத்துன்பம் வந்த காரணத்தையும் கூறவல்ல படம் ஒன்று தோன்றுமாயின், மாத்தளையின் வரலாறு அன்றுதான் முழுமையாகச் சொல்லப்பட்டதாகும்.